சிலிண்டரிலிருந்து குழாய் எரிவாயுவுக்கு மாறலாமா? வேலூர்ப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: சத்துவாச்சாரி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் எரிவாயுக் குழாய் பதித்துப் பள்ளத்தை மூடிவிட்டார்கள். வீடு வீடாக விண்ணப்பப் படிவமும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் பலர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டுப் படிவம் மட்டும் இன்னும் மேசை மேல் கிடக்கிறது.

நான் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். நிலக்கரி, பெட்ரோலியம், இயற்கை எரிவாயு மூன்றும் புதைபடிவ எரிபொருள்கள் என்று பிள்ளைகளுக்கு ஒரே மூச்சில் சொல்லிக் கொடுக்கிறேன். படிவத்தோடு வந்த துண்டுத்தாளில் இதே எரிவாயுவைப் பசுமை எரிபொருள் என்று அச்சடித்திருக்கிறார்கள். சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் முழுமையாக வந்து சேரும் வரைக்கும் இடைக்காலத்தில் உதவும் எரிபொருள் இது என்று செய்திகளிலும் படிக்கிறேன். அந்த இடைக்காலம் எத்தனை ஆண்டுகள், அதற்கு என்ன விலை என்பதை யாரும் சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஒரு சிலிண்டர் ஒன்றரை மாதம் வருகிறது. மாமனாருக்கு ஆஸ்துமா; மார்கழிப் பனியில் மிகவும் சிரமப்படுவார். சமையலறை சிறியது. ஒரே ஜன்னல், அடுப்புக்கு நேர் மேலே பரண். கோடையில் ஓர் அறையில் ஏசி ஓடுவதால் இரண்டு மாத மின் கணக்கீடு 400 யூனிட்டை நெருங்கிவிடுகிறது.

கணவர் குழாய்க்கு ஆதரவு. சிலிண்டருக்குப் பதிவு செய்வதும், வரும் நாளில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பதும் தீர்ந்துவிடும் என்கிறார். கல்லூரியில் படிக்கும் மகள், நடுவில் இன்னொரு எரிவாயு எதற்கு, நேராக மின்சார அடுப்புக்குப் போய்விடலாம் என்கிறாள். மாமியாரின் கவலை வேறு. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை நெருப்பில் சுட்டுத் துவையல் அரைப்பவர் அவர். நெருப்பே தெரியாத அடுப்பில் எதைச் சுடுவது என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

செலவு, பாதுகாப்பு, மாமனாரின் மூச்சு, சூழல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எது சரி? விளம்பரப் பேச்சு வேண்டாம். கணக்குத் தெரிந்தவர்கள் கணக்கோடு சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

பதில் 1: குடியாத்தம் நெசவாளர்

அம்மா, என் மகன் பெங்களூருவில் குழாய் எரிவாயு உள்ள அடுக்குமாடியில் இருக்கிறான். அங்கே போய்த் தங்கும்போது பார்த்ததைச் சொல்கிறேன். மருமகளுக்கு எரிவாயு தீர்ந்துவிடுமோ என்ற பயமே இல்லை. சமையலறையில் சிலிண்டர் இருந்த இடத்தில் அரிசி டிரம் வைத்திருக்கிறாள். மின்சாரக் கட்டணம் போலவே மீட்டர் பார்த்து ரசீது வருகிறது. பழைய அடுப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள். உள்ளே எரிவாயு வரும் சிறு துளையுள்ள ஜெட்டை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். சுடர் சிலிண்டர் அளவுக்குச் சீறுவதில்லை என்று முதலில் சொன்னாள், பிறகு பழகிவிட்டது. சூழல் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் சிலிண்டரை உருட்டித் தூக்கும் வேலை ஒழிந்தது, அது பெரிய நிம்மதி.

பதில் 2: வாலாஜா பாய்லர்காரர்

ஆசிரியை அம்மாவுக்கு வணக்கம். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் பாய்லர் அறையிலேயே வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். விறகு, நிலக்கரி, டீசல், ஃபர்னஸ் ஆயில் என்று எல்லாவற்றையும் எரித்துப் பார்த்திருக்கிறேன். எரிபொருள் பற்றி யாராவது கணக்கோடு கேட்டால் எனக்குச் சும்மா இருக்க முடியாது. பதில் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வகுப்பில் சொல்வதே சரி. குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். இரண்டுமே பூமிக்கடியிலிருந்து வருபவை. ஒரே அளவு வெப்பத்துக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்பதில்தான் வேறுபாடு. ஒரு கிகாஜூல் வெப்பத்துக்கு நிலக்கரி சுமார் 95 கிலோ வெளியிடுகிறது. சிலிண்டர் எரிவாயு 63 கிலோ, இயற்கை எரிவாயு 56 கிலோ. துண்டுத்தாளில் பசுமை என்று போடுகிறவர்கள் நிலக்கரியோடு ஒப்பிடுகிறார்கள். உங்கள் வீட்டில் நிலக்கரி எரியவில்லையே! நீங்கள் ஒப்பிட வேண்டியது 63-ஐயும் 56-ஐயும்.

இதையே உங்கள் அடுப்புக்குக் கொண்டுவருகிறேன். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தரும் வெப்பத்தைத் தர 17 முதல் 18 கன மீட்டர் குழாய் எரிவாயு வேண்டும். சிலிண்டரை எரித்தால் ஏறக்குறைய 42 கிலோ கரியமில வாயு. அதற்கு ஈடான குழாய் எரிவாயுவை எரித்தால் 37 கிலோ. ஒன்றரை மாதச் சமையலுக்கு மிச்சம் 5 கிலோ, அவ்வளவுதான்.

அந்த 5 கிலோவும் கைக்கு வருமா என்பது கசிவைப் பொறுத்தது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். மீத்தேன் எரிந்தால் கரியமில வாயு. எரியாமல் வெளியேறினால் அதைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் 30 மடங்கு, இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல். காற்றில் அது நிற்பது ஏறத்தாழ 12 ஆண்டுகள்தான் என்பதால் இருபது ஆண்டுக் கணக்கைத்தான் நான் பார்ப்பேன், ஏனென்றால் உங்கள் மகள் வாழப்போகும் காலம் அது. 18 கன மீட்டரில் சுமார் 12 கிலோ மீத்தேன் இருக்கிறது. அதில் அரை விழுக்காடு கசிந்தால் 60 கிராம். இருபது ஆண்டுக் கணக்கில் அது 5 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். நீங்கள் மிச்சப்படுத்திய 5 கிலோ அங்கேயே கரைந்துவிட்டது. கிணற்றிலிருந்து உங்கள் பர்னர் வரைக்கும் அரை விழுக்காட்டுக்கும் குறைவான கசிவு என்பது எளிதில் நடக்கிற காரியம் இல்லை. 2022-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் வீட்டு அடுப்புகளை அளந்தபோது, பயன்படுத்திய எரிவாயுவில் 0.8 முதல் 1.3 விழுக்காடு எரியாமலே வெளியேறியது தெரிந்தது. அதில் முக்கால் பங்கு அடுப்பை அணைத்து வைத்திருந்த நேரத்தில், இணைப்புகள் வழியாகக் கசிந்தது. சிலிண்டர் எரிவாயுவுக்கும் கிணற்றடியில், சுத்திகரிப்பு ஆலையில் இழப்புகள் உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறுவதால் உலகம் குளிர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று. நம் பக்கம் வரும் எரிவாயு எண்ணூரில் கப்பலிலிருந்து இறங்குகிறது. 2019-இல் திறந்த அந்த முனையம் ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளக்கூடியது. வெளிநாட்டில் மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்துத் திரவமாக்கி, கொள்ளளவை 600-இல் ஒரு பங்காகச் சுருக்கிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். அப்படிக் குளிரவைப்பதற்கே எரிவாயுவில் பத்தில் ஒரு பங்கு அளவு செலவாகிறது. அது உங்கள் மீட்டரில் தெரியாது.

பாதுகாப்பில் குழாய்க்கு என் ஓட்டு உண்டு. சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படிந்து, கதவிடுக்கு வழியாக அடுத்த அறைக்கும் போகும். காற்றில் 2 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பிடிக்கும். மீத்தேன் இலேசானது, மேலே ஏறும், 5 விழுக்காடு சேர வேண்டும். வீட்டுக்குள் வரும் அழுத்தமும் 21 மில்லிபார்தான். ஆனால் உங்கள் பரணைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. மேலே ஏறும் வாயு பரணுக்கு அடியில் தங்கும். கூரையை ஒட்டி ஒரு வெண்டிலேட்டர் திறக்காமல் இணைப்பு வாங்காதீர்கள். தெருவில் ஓடும் குழாயில் அழுத்தம் 4 பார் வரை இருக்கும். நம் ஊரில் பாதாளச் சாக்கடைக்கு ஒருமுறை, குடிநீருக்கு ஒருமுறை, கேபிளுக்கு ஒருமுறை என்று சாலையைத் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். நகர எரிவாயுக் குழாய்க்குப் பெரிய எதிரி அடுத்தவர் ஓட்டும் ஜேசிபி. தோண்டும் முன் குழாய்க்காரர்களுக்குத் தகவல் சொல்லவென்றே மத்திய அரசு 2023 மார்ச்சில் ஒரு செயலியைத் தொடங்கியது. உங்கள் தெருவில் யார் கடப்பாரை எடுத்தாலும் அதில் தகவல் கொடுத்தார்களா என்று கேளுங்கள். இதைக் கேட்கிற உரிமை தெருவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

விலைக்கு எளிய வழி: உங்கள் பகுதியின் கன மீட்டர் விலையை 18-ஆல் பெருக்கிச் சிலிண்டர் விலையோடு ஒப்பிடுங்கள். 2025 ஏப்ரலில் சென்னையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு ஆனது. அந்தக் கணக்கில் கன மீட்டர் 48 ரூபாய்க்குக் கீழே இருந்தால் குழாய் மலிவு. மீட்டர் வாடகை, வைப்புத்தொகை இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்றைய விலையே நாளைக்கும் நிற்காது. 2022-இல் உக்ரைன் போர் வந்தபோது கப்பல் எரிவாயுவின் விலை ஆசியச் சந்தையில் வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. நாடு பயன்படுத்தும் இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ பாதி இறக்குமதி. சிலிண்டர் எரிவாயுவில் 60 விழுக்காடு அளவுக்கு இறக்குமதி. இரண்டிலும் நம் குடுமி வளைகுடாவின் கையில்தான்.

அப்படியானால் எரிவாயு எங்கே உண்மையாக உதவும்? எங்கள் பாய்லர் அறையில். ஃபர்னஸ் ஆயிலும் விறகும் எரியும் இடத்தில் எரிவாயு வந்தால் கந்தகப் புகை போகும், சாம்பல் போகும், புகைபோக்கிக்குப் பக்கத்துத் தெருவில் துணி காயப்போடலாம். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பதற்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவர் செலவை ஏற்க வேண்டும், ஆபத்து வருமுன் தடுக்க வேண்டும் என்ற இரண்டு நெறிகளையும் நாடு முழுவதும் அந்தத் தீர்ப்பிலிருந்துதான் எடுத்துக்காட்டுகிறார்கள். தண்ணீருக்கு நாம் அவ்வளவு தாமதமாக விழித்தோம். காற்றுக்கும் அப்படி ஆகக் கூடாது. முதலில் குழாய் சிப்காட்டுக்குள் போகட்டும் என்பேன் நான்.

பதில் 3: ஜவ்வாது மலையடிவாரச் செவிலியர்

சத்துவாச்சாரி அக்கா, ஒடுகத்தூருக்கு மேலே உள்ள கிராமங்களில் வேலை செய்கிறேன். பாய்லர்காரர் ஐயாவின் கணக்கு சரியாகவே இருக்கும். ஆனால் இந்தப் பேச்சில் எங்கள் ஊர்ப் பெண்களும் வர வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இங்கே இடைக்கால எரிபொருள் என்றால் இன்னமும் சிலிண்டர்தான். ஏழைப் பெண்களுக்குச் சிலிண்டர் இணைப்பு கொடுக்கும் உஜ்வலா திட்டம் 2016-இல் வந்தது. அதற்கு முன்பே தமிழ்நாட்டு அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்திருந்தது. அடுப்பு பல வீடுகளில் இருக்கிறது. அதன் மேல் துணியைப் போர்த்தி, பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் பற்றவைக்கிறார்கள். கேழ்வரகுக் களி கிண்டுவதும், மாட்டுக்குத் தீவனம் வேகவைப்பதும், தலைக்குக் குளிக்க வெந்நீர் போடுவதும் விறகில்தான். ஒரே தவணையில் எண்ணூறு, தொள்ளாயிரம் ரூபாய் எடுத்துக் கொடுக்க முடியாதவர்களுக்கு விறகு கூலியில்லாமல் கிடைக்கிறது. கூலி இல்லை என்பதும் பொய். சுமப்பவள் கழுத்து கொடுக்கிறது அந்தக் கூலியை.

மூச்சுக் குழலில் சளி கட்டி வரும் குழந்தையின் தாயிடம் நான் முதலில் கேட்பது, அடுப்பு வீட்டுக்குள்ளா வெளியிலா என்பதுதான். ஓலைச்சாய்ப்பில் விறகு எரியும்போது வரும் புகையை ஒருமுறை பார்த்தவர்கள், சிலிண்டருக்கும் குழாய்க்கும் உள்ள 5 கிலோ வித்தியாசத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பேசவே மாட்டார்கள். சூழல் ஆர்வலர்கள் எல்லா எரிவாயுவும் கூடாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எரிவாயு இன்னும் கொஞ்சம் மலிவாக, 5 கிலோ சின்னச் சிலிண்டராக, ஊருக்குள்ளேயே கிடைக்க வேண்டும். நகரத்து வீடுகள் குழாய்க்கு மாறி, மிச்சமாகும் சிலிண்டர் மலையேறி வந்தால் அந்த மாற்றத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கும். அப்படித் திட்டமிட்டுச் செய்தால்தான் வரும், தானாக வராது.

உங்கள் மாமனாரைப் பற்றி: எந்த எரிவாயுச் சுடரும் நைட்ரஜன் டை ஆக்சைடை உண்டாக்கும். சுடரின் வெப்பத்தில் காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனுமே சேர்ந்து உருவாவது அது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது. சிலிண்டரை எடுத்துவிட்டுக் குழாய் போட்டால் அது குறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். மருத்துவருடைய மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும். வெளியே தள்ளும் விசிறி ஒன்றை அடுப்புக்கு மேலே போடுங்கள். சமைக்கும் நேரத்தில் அவர் கூடத்தின் மறு கோடியில் இருக்கட்டும்.

பதில் 4: காட்பாடி காந்தி நகர் வாசகி

உங்கள் மகள் பக்கம் நான். எங்கள் வீட்டு மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடு போட்டிருக்கிறோம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். வேலூர் வெயிலைத் திட்டியே வளர்ந்தவர்கள் நாம்; அந்த வெயிலில் சோறு வேகிறது என்பதில் எனக்கு உண்மையான பெருமை.

குழாயை நான் எதிர்ப்பதற்குக் காரணம் காலம். ஒரு மாவட்டத்தில் குழாய் வலையமைப்பு அமைக்கும் நிறுவனத்துக்குப் பெட்ரோலியம், இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 25 ஆண்டு தனியுரிமை கொடுக்கிறது. தெருத்தெருவாகப் போட்ட பணத்தை எடுக்க அவர்கள் அத்தனை காலம் எரிவாயு விற்றாக வேண்டும். நாட்டின் எரிசக்தியில் எரிவாயுவின் பங்கை 15 விழுக்காட்டுக்கு உயர்த்துவது 2030-க்கான இலக்கு. அதே நாடு 2070-இல் நிகர உமிழ்வைப் பூஜ்ஜியம் ஆக்குவதாக உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. இன்று புதைக்கும் குழாயை நாளைக்கு யார் பிடுங்குவார்கள்? பாலம் என்கிறார்கள். மறுகரையில் இறங்கும் இடத்தையும் சேர்த்துக் கட்டினால்தான் அது பாலம்.

எரிவாயு எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. 2017-இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் ஏன் தெருவில் உட்கார்ந்தார்கள்? அவர்கள் நிலத்துக்கு அடியில்தான் அது இருந்தது. 2020-இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்தப் போராட்டங்கள் இருக்கின்றன. 2014 ஜூனில் ஆந்திரத்தின் நகரம் என்ற ஊரில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊர்ப் பெயரைக் கேட்டாலே இன்னும் மனம் பதறுகிறது.

நடைமுறைக்கு வருகிறேன். இண்டக்‌ஷன் அடுப்பில் போகும் மின்சாரத்தில் 85 விழுக்காட்டுக்கு மேல் பாத்திரத்துக்கே சேரும். ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு 130 முதல் 140 யூனிட் ஆகும். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்ட வேண்டும். இரும்புத் தோசைக்கல் நன்றாக வேலை செய்யும். அலுமினியக் குக்கர், பித்தளை, மண்சட்டி எதுவும் ஆகாது. மாமியாரின் கத்தரிக்காய்க்கு என்னிடம் பதில் இல்லை. நாங்கள் அதற்கு மட்டும் மாடியில் கரி அடுப்பு வைத்திருக்கிறோம்.

பதில் 5: வாலாஜா பாய்லர்காரர்

காட்பாடி அம்மாவின் அக்கறையை மதிக்கிறேன். 25 ஆண்டுக் கட்டுப்பாடு பற்றி அவர் சொன்னது மிக முக்கியமான கருத்து. ஆனால் ஒரு கணக்கை விட்டுவிட்டார். மாடியில் தகடு உள்ளவருடைய மதியச் சமையல் வெயிலில் நடக்கிறது, சரி. தகடு இல்லாதவர் மாலை ஏழு மணிக்கு இண்டக்‌ஷனைப் போட்டால்? இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளியேறுகிறது, ஏனென்றால் பெரும்பகுதி நிலக்கரி. 136 யூனிட் என்று வைத்துக்கொண்டால் 95 கிலோ. சிலிண்டரின் 42 கிலோவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இன்றைய தேதியில், தகடு இல்லாத வீட்டில், மின்சார அடுப்பு சமையலறைக் காற்றைச் சுத்தமாக்கி, புகையை வடசென்னையிலும் மேட்டூரிலும் அனல்மின் நிலையப் புகைபோக்கி வழியாக விடுகிறது.

இது மாறும். வைகாசி, ஆனி மாதங்களில் காற்றாலைகள் நிற்கும் முப்பந்தல் பக்கம் காற்று வீசும்போது தமிழ்நாட்டின் நிலைமையே வேறு. ஆண்டுக்கு ஆண்டு 0.7 குறையும். எரிவாயுவின் 56 என்றைக்கும் 56 தான், அது வேதியியல். ஆகவே இன்றைக்கு எரிவாயு முந்துகிறது, ஒருநாள் மின்சாரம் முந்தும். இடைக்கால எரிபொருள் என்பதை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, அந்த நாள் வரும்போது சுவரை உடைக்காமல் மாறிக்கொள்ளும்படி இன்றே ஏற்பாடு செய்து வைப்பது.

சத்துவாச்சாரி ஆசிரியை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பாய்லர்காரர் ஐயாவின் கணக்கைத் தாளில் எழுதி மகளோடு உட்கார்ந்து சரிபார்த்தேன். அரை விழுக்காடு கசிவு முழு மிச்சத்தையும் தின்றுவிடுகிறது என்பதைப் பார்த்தபோது இருவருக்கும் பேச்சு வரவில்லை. இதை வகுப்பில் ஒரு கணக்காகக் கொடுக்கப் போகிறேன்.

செவிலியர் தங்கையின் பதிலை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்தில் விறகு சுமந்து வளர்ந்தவர். நெடுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

இப்போது யோசிப்பது இப்படி. குழாய் இணைப்பை வாங்குவது, ஆனால் பசுமை என்று நம்பி அல்ல. சிலிண்டரைவிடப் பாதுகாப்பு என்பதற்காகவும் வசதிக்காகவும். பரணை இடித்து, கூரையை ஒட்டி வெண்டிலேட்டரும் விசிறியும் வைப்பது. சோறு, பருப்பு, பால், வெந்நீர் போன்ற நீண்ட நேரக் கொதிப்பு வேலைகளை இண்டக்‌ஷனுக்கு மாற்றுவது. மாமனாருக்கு அருகே சுடர் எரியும் நேரம் பாதிக்குமேல் குறையும். ஒரு சிலிண்டருக்கு 136 யூனிட் என்றால் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட். முழுவதும் மாறினால் 500-ஐத் தாண்டி அதிகக் கட்டண வரிசைக்குள் போய்விடுவோம். பாதி மட்டும் என்றால் 500-க்குள் நிற்கும். மாடியில் தகடு போடுவதை அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று கணவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இரண்டு சந்தேகங்கள். இண்டக்‌ஷனுக்கு இப்போது இருக்கும் மிக்ஸி பிளக்கே போதுமா? எரிவாயு ஆட்கள் அடுப்பின் ஜெட்டை மாற்றும்போது நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 6: வாலாஜா பாய்லர்காரர்

மிக்ஸி பிளக்கில் போடவே போடாதீர்கள். 2,000 வாட் அடுப்பு 9 ஆம்பியர் இழுக்கும். மெயின் பெட்டியிலிருந்து தனியாகச் செம்புக் கம்பி இழுத்து, அதற்கென்று ஒரு எம்சிபி (மின்பளு மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) வைத்து, 16 ஆம்பியர் சாக்கெட் போடச் சொல்லுங்கள். கம்பி 4 சதுர மில்லிமீட்டர் இருந்தால் நாளைக்கு இரண்டு அடுப்பு வைத்தாலும் தாங்கும். பரணை இடிக்கும் கொத்தனார் வேலையோடு இதையும் சேர்த்து முடித்துவிட்டால் சுவரை ஒருமுறை உடைத்தால் போதும். மின்வாரியத்தில் உங்கள் வீட்டுக்கு அனுமதித்த மின்பளு எவ்வளவு என்று அட்டையில் பாருங்கள். குறைவாக இருந்தால் முன்கூட்டியே உயர்த்திக்கொள்ளுங்கள்.

ஜெட் விஷயம்: குழாய் எரிவாயுவுக்கு ஓட்டை பெரியது. சிலிண்டர் ஜெட்டோடு குழாயை இணைத்தால் சுடர் சோர்ந்து நிற்கும். குழாய் ஜெட்டோடு சிலிண்டரை இணைத்தால் சுடர் மஞ்சளாக எழும்பிப் பாத்திரம் கரி பிடிக்கும், அது ஆபத்து. கழற்றிய பழைய ஜெட்டுகளை ஒரு சீட்டில் எழுதிக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியபின் எல்லா பர்னரிலும் சுடர் நீலமாக, பர்னரை விட்டுத் தூக்காமல் எரிகிறதா என்று பாருங்கள். ஆட்கள் போவதற்குள் ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரையைத் தடவச் சொல்லி, குமிழி வருகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். அதன்பின் இரவில் எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டு மீட்டர் எண்ணை எழுதி வையுங்கள். காலையில் அதே எண் இருக்க வேண்டும். கடைசி இலக்கம் ஒன்று நகர்ந்திருந்தாலும் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் வால்வை மூடிவிட்டு அவர்களை அழையுங்கள்.

சிலிண்டரை ஏஜென்சியில் ஒப்படைக்கும்போது இணைப்பு முடிவுச் சீட்டை வாங்கிக்கொண்டு, வைப்புத்தொகையையும் கேட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டு இருந்தால் பிறகு வேறு ஊருக்குப் போனாலும் இணைப்பு எடுப்பது எளிது.